வாத்து வேண்டாம்

கல்யாணத்துக்கு வரும் விருந்தாளிகள் கவனிக்க வேண்டியவை என்று சுபாஷினி கோலாலம்பூரிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று அனுப்பியிருந்தாள். கடல், தென்னை மரம், கைகோத்து நிற்கும் இரண்டு நிழல் என்று படமெல்லாம் போட்டு இங்கிலீஷில் அழகாக அடித்திருந்தது. வெயிலுக்குப் பூசிக்கொள்ள கிரீம், மணலில் நடக்கத் தோதான செருப்பு, மெல்லிய பருத்திச் சட்டை, காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கும் பாஸ்போர்ட்.

கெடா மாநிலத்துக் குருணில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் படித்த அழகேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சியாமுக்கு எப்படிப் போறதுன்னு எனக்கே சொல்லித் தருதா இந்தப் பிள்ளை? குணவதி, உன் மகளக் கேளு. ஹாட்யாய்ல எந்தக் கடையில எந்தப் பல்லிய எந்தச் சுவத்துல பாக்கலாம்னு கேளு. தெரியுமா அவளுக்கு?"

"தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். சத்தம் போடாதீங்க" என்றாள் குணவதி, கீரையை ஆய்ந்துகொண்டே.

அழகேசன் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அவருடைய பதவி வேறு. சியாம் என்றால் அழகேசன்தான். ஜித்ராவைத் தாண்டி எல்லையைக் கடந்து ஹாட்யாய்க்குப் போய் மாம்பழமும் வறுத்த முந்திரியும் போர்வையும் வாங்கிவர வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் ஒரு பெரிய படையை நடத்துகிற மாதிரி முன்னால் நடப்பார். தாய்லாந்து என்று சொல்பவர்களை அவருக்குப் பிடிக்காது. அது பிளேனில் போகிறவர்கள் வைத்த பேர் என்பார்.

இப்போது மகள் கல்யாணமே சியாமில். மாப்பிள்ளை திவாகர் பினாங்குப் பையன், நல்ல பையன். கிராபி கடற்கரையில் மணல்மேல் மேடை போட்டுத் தாலி கட்டுவது என்று இருவரும் கலந்து பேசி முடிவெடுத்து, ஒரு கம்பெனியைப் பிடித்து, பூ முதல் நாற்காலி வரை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார்கள். அழகேசன் கட்ட வேண்டிய வேட்டியின் நிறத்தைக்கூட அந்தக் கம்பெனிதான் சொன்னது. மணல் நிறமாம். அழகேசன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எங்கன வேணும்னாலும் வச்சுக்கோம்மா. கடலுக்குள்ள வச்சாலும் சரி. உன் கையைப் புடிச்சு மாப்பிள்ள கையில குடுக்கிறது நானா இருக்கணும். அந்த வேலையக் கம்பெனிகிட்ட குடுத்துடாத."

"அது உங்க வேலைதான்ப்பா" என்று சிரித்தாள் சுபாஷினி.

ஆனாலும் பயம் போகவில்லை. பந்தல் கட்டவில்லை, சமையல்காரரோடு சண்டை போடவில்லை, யாருக்கு எங்கே படுக்கை என்று யோசிக்கவில்லை. பெற்ற மகள் கல்யாணத்துக்குத் தானும் ஒரு விருந்தாளியாகத்தான் போகிறோமோ என்று அவருக்கு உள்ளுக்குள் உதைத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதில் புத்திமதி சொல்ல ஆரம்பித்தார்.

மகளும் மாப்பிள்ளையும் இல்லாமல் 'சியாம் படை' என்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு திறந்தார். பெண் வீட்டுச் சொந்தம் முழுக்க அதில் இருந்தது. விடியற்காலையில் தொண்டையைக் கனைத்துவிட்டு அதில் பேசிப் போடுவார்.

"வணக்கம். அழகேசன் பேசுறேன். பாப்பா இங்கிலீசுல ஒண்ணு அனுப்பியிருக்கு. அது கேஎல்காரங்களுக்கு. நாம இதக் கேட்டாப் போதும். ஒண்ணு, கைக்கடிகாரத்த மாத்தாதீங்க. சியாம்ல ஒரு மணி நேரத்தப் புடுங்கிக்குவான். திரும்பி வர்றப்பதான் குடுப்பான். நாம நம்ம நேரத்துலயே இருந்துக்குவோம். ரெண்டாவது, ஆளுக்கொரு தேங்கா கொண்டாங்க. சியாம் தேங்கா இனிக்கும், சட்னிக்கு ஆவாது."

மறுநாள்: "எல்லாரும் ஒரே கலர்ல சட்டை. ஆரஞ்சு. கூட்டத்துல தொலைஞ்சு போனா கண்டுபிடிக்க லேசு. இமிகிரேசன்ல எங்க போறீங்கன்னு கேட்டா 'ஹாட்யாய், மாக்கான்' அவ்வளவுதான். சாப்பிடப் போறோம்னு சொன்னா எந்த ஆபீசரும் தடுக்க மாட்டான். கல்யாணம்னு சொன்னா பெட்டியத் தொறக்கச் சொல்லுவான்."

அதற்கும் மறுநாள் வந்ததுதான் முக்கியமானது.

"பாஸ்போர்ட்னு பாப்பா எழுதியிருக்கு. அது பிளேன்ல போறவங்களுக்கு. நாம சடக்குல, ரோட்டு வழியாப் போறோம். சியாம் புக்கு போதும். பாஸ்போர்ட்ட யாரும் தூக்கிட்டு வராதீங்க. தொலைஞ்சா பெரிய தலவலி. பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, பசியாறிட்டு, பஸ்ஸுக்கு வாங்க."

சியாம் புக்கு என்று அவர்கள் சொல்வது, எல்லையோர மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கிற எல்லைப் பாஸை. மெல்லிசான சிறு புத்தகம். அழகேசன் ஆயுசு முழுக்க அதைக் காட்டித்தான் ஹாட்யாய் போய் வந்திருக்கிறார். பாஸ்போர்ட் என்று ஒன்றை அவர் எடுத்ததே இல்லை. ஹாட்யாய்க்கு அப்பால் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

எல்லோரும் 'சரிண்ணே', 'சரி மாமா' என்று பதில் போட்டார்கள். அழகேசனுடைய அக்கா மருதம்மாள் தோட்டத்து வீட்டிலிருந்து கும்பிடுகிற கை போட்டாள். ஒரே ஒரு ஆளிடமிருந்து மட்டும் எதற்கும் பதில் வரவில்லை. கேட்டதற்கு அடையாளமாக அந்த நீல டிக் மட்டும் விழும். அது குணவதியின் தம்பி தர்மலிங்கம். அலோர் ஸ்டாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவன்.

"உன் தம்பிய யாரு இதுல சேத்தா?" என்று கேட்டார் அழகேசன்.

"நான்தான் சேத்தேன். பொண்ணுக்குத் தாய்மாமன் அவன்."

அழகேசன் தர்மலிங்கத்தோடு பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது. காரணம் வாத்து.

ஒரு தடவை சொந்தமெல்லாம் சேர்ந்து ஹாட்யாய் போயிருந்தபோது, அழகேசன் வழக்கம்போல் கடைப்பையனைக் கூப்பிட்டு, "மாய் பெட்" என்று சியாம் பாஷையில் உத்தரவு போட்டார். காரம் வேண்டாம் என்று அர்த்தம். வந்த சூப்பு காதில் புகைவிட்டது. குழந்தைகள் அழுதன. அழகேசன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சியாம்காரனுக்கு இதுதான் காரமில்லாதது என்றார். அப்போது தர்மலிங்கம் சிரித்துவிட்டான். அவன் கடைக்குச் சியாம் வியாபாரிகள் வந்து போவதால் அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். 'பெட்' என்பதில் பகரத்தைக் காற்றோடு ஊதிச் சொன்னால்தான் காரமாம். ஊதாமல் சொன்னால் வாத்தாம்.

"மாமா, நீங்க இத்தன வருசமா 'வாத்து வேண்டாம்'னு சொல்லிட்டு இருக்கீங்க" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேசையே சிரித்தது. மருதம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அழகேசன் எழுந்து நின்றார்.

"தமிழனுக்குப் 'ப' ஒண்ணுதான்டா! ரெண்டு மூணு 'ப' வச்சிருக்கான் பாரு, அவன் மேலதான் தப்பு!" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து தர்மலிங்கம் அவருக்கு மச்சான் இல்லை. 'உன் தம்பி'. அதோடு, எங்கே போனாலும் அதே ஊதாத 'ப' போட்டு, 'மாய் பெட்' என்றே வீம்புக்குச் சொல்லி, காரமாக வந்ததை மூச்சுவிடாமல் தின்று காட்டினார்.

கல்யாணம் சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துக் குருணிலிருந்து பஸ் கிளம்பியது. உள்ளே எல்லோரும் ஆரஞ்சு. ஒவ்வொருவர் மடியிலும் தேங்காய். தர்மலிங்கம் மட்டும் பஸ்ஸில் ஏறவில்லை. கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தன் காடியில், அதாவது காரில், பின்னால் வருவதாகக் குணவதியிடம் சொல்லியிருந்தான்.

எல்லையில் படை வரிசையாக நின்றது. எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்குப் பெரியவர் சிறியவர் எல்லோரும் ஒரே குரலில், "ஹாட்யாய், மாக்கான்" என்றார்கள். மருதம்மாள் கையிலிருந்த தேங்காயைப் பார்த்து ஆபீசர் பெண், இது எதற்கு என்று கேட்டாள். "மாக்கான்" என்றாள் மருதம்மாள். ஆபீசர் பெண் சற்று நேரம் அவளையே பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினாள். அழகேசனுக்கு நெஞ்சு விம்மியது. இப்படிக் கட்டுப்பாடான ஒரு படையை எவன் நடத்தியிருக்கிறான்?

ஹாட்யாயில் சாப்பிட இறங்கியபோது ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அங்கே வாடகை மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது ஆரஞ்சுச் சட்டை. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி நேராக மருதம்மாளிடம் வந்து ஏதோ இடத்தின் பேரைச் சொல்லி, ஹெல்மெட்டுக்குக் கையை நீட்டினாள். "மாக்கான்" என்றாள் மருதம்மாள், அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் வேறு ஆரஞ்சைத் தேடிப் போனாள்.

ஹாட்யாயைத் தாண்டிக் கிராபி பக்கம் பஸ் திரும்பியதும் ரப்பர் மரங்களாக வந்தன. நம்ம தோட்டம் மாதிரியே இருக்கிறதே என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். வளைவுகளில் தேங்காய்கள் மடியிலிருந்து விழுந்து சீட்டுக்கடியில் முன்னும் பின்னும் உருண்டன. சாயங்காலம், சாலையோரச் சாவடி ஒன்றில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.

இளவயசு அதிகாரி ஒருவர் ஏறினார். முன் சீட்டிலிருந்த அழகேசனின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அடுத்ததை வாங்கினார். அதற்கடுத்ததையும். கடைசி சீட்டு வரை போய்த் திரும்பி வந்து, கைகூப்பி, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். ஹாட்யாயை விட்டு வெகுதூரம் வந்தாயிற்று என்பதுகூடத் தோன்றாமல், "ஹாட்யாய், மாக்கான்" என்று பஸ் முழுக்கச் சொன்னது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தப் பாஸ் எல்லையை ஒட்டிய இடங்களுக்கு மட்டும். இந்தச் சாவடிக்கு அந்தப் பக்கம் செல்லாது. பாஸ்போர்ட் வேண்டும்.

அழகேசன் எழுந்து நின்றார். ஏதாவது பேச வேண்டுமே என்று பதற்றத்தில் தனக்குத் தெரிந்த சியாம் பாஷையைத் தேடினார். சந்தையில் கற்றது வாயில் வந்து நின்றது. "தாவ்ராய்?" என்றார்.

எவ்வளவு விலை என்று அர்த்தம். அதிகாரியின் முகம் மாறியது. அழகேசன் அவசரமாக இன்னொன்றைத் தேடினார். "மாய் பெட்!" என்றார் கையெடுத்துக் கும்பிட்டு.

இந்தத் தாத்தா வாத்து வேண்டாம் என்று ஏன் கும்பிடுகிறார் என்று அந்த அதிகாரிக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் போய்விட்டது. சாவடிக்கு இந்தப் பக்கம் இருந்த பெட்ரோல் நிலையத்தைக் காட்டி, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றார்.

பஸ்ஸை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு தேங்காய் எங்கோ உருண்டு நின்றது.

"இப்ப என்னங்க பண்றது?" என்றாள் குணவதி. "என் பாஸ்போர்ட்டு பீரோவுல. எல்லார் பாஸ்போர்ட்டும் பீரோவுல. நீங்க சொன்னீங்கன்னு."

திரும்பிப் போய் எடுத்து வரலாமென்றால், குருணுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லைக் கதவைச் சாத்திவிடுவார்கள். காலையில் திறந்து இவ்வளவு தூரம் திரும்ப வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். அழகேசனுக்கோ பீரோவிலும் ஒன்றும் கிடையாது. கெடாவில் வெள்ளியும் சனியும் அரசாங்க விடுமுறை, புதிதாக எடுக்கவும் வழியில்லை. எப்படிப் பார்த்தாலும், நாளைக் காலையில் மகள் கையைப் பிடித்துக் கொடுக்க அழகேசன் அங்கே இருக்கப் போவதில்லை.

சுபாஷினி போன் செய்தாள். "அப்பா, எங்க வந்துட்டு இருக்கீங்க?"

"பஸ் டயர் போச்சும்மா. மாத்துறாங்க" என்றார். போனை வைத்துவிட்டுப் பெட்ரோல் நிலையத்தின் காற்றடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மலேசியக் காடி வந்து நின்றது. தர்மலிங்கம் இறங்கினான். நீலச் சட்டை போட்டிருந்தான்.

"என்னக்கா, பஸ் ரோசாக்கா? கெட்டுப் போச்சா?"

குணவதி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அழகேசன் எழுந்தார். அத்தனை வருஷத்துப் பிடிவாதத்தையும் காலால் தள்ளிக்கொண்டு நடக்கிற மாதிரி நடந்து வந்து அவன் முன்னால் நின்றார்.

"தர்மா. நீ பாஸ்போர்ட்டோடதான் வந்திருப்பே. நீ என் பேச்ச என்னைக்குக் கேட்டிருக்கே? நல்லதாப் போச்சு, கேக்காம இருந்தது." கையால் சாவடிப் பக்கம் காட்டினார். "நீ போ. தாய்மாமன் நீ இருக்கே. அவ கையைப் புடிச்சு நீ குடுத்துடு. நான் போன்ல பாத்துக்கறேன்."

ஆரஞ்சுப் படை சுற்றி நின்று பார்த்தது. தர்மலிங்கத்தின் கை சட்டைப் பைக்குப் போய், அங்கேயே சற்று நின்றது. அக்காவைப் பார்த்தான். அழகேசனைப் பார்த்தான். பையின் பொத்தானைப் போட்டுவிட்டான்.

"ஏது பாஸ்போர்ட்டு? நீங்கதானே மாமா கொண்டாரக் கூடாதுன்னு மெசேஜ் போட்டீங்க. பீரோவுல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன். நானும் சியாம் புக்குதான்."

"நீயா? நீ கேட்டியா?"

"எல்லாத்தையுந்தான் கேட்டேன். கடை தொறக்கிறப்ப உங்க மெசேஜுதான் கேக்கிறது. ஆரஞ்சு மட்டும் எனக்கு ஒத்துக்காது." காடியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினான். உள்ளே துணி விரித்து, நடுவில் ஒரு தேங்காய் உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்த பிறகு அழகேசனுக்குச் சந்தேகப்பட ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

தர்மலிங்கமே சுபாஷினிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டான். "பாப்பா, மாமா பேசுறேன். டயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க அப்பா சொன்னத ஒண்ணு விடாம எல்லாரும் செஞ்சிட்டோம். அதனால இந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தரும் அங்க வர முடியாது. நீங்கதான் வரணும்."

"ஒருத்தர்கூடவா? நீங்ககூடவா மாமா?"

"நான்கூட."

அவள் அழுகிறாளா என்று அழகேசனுக்குப் பதறியது. பிறகு தூரத்தில் திவாகரின் குரல் எதையோ கேட்டது, அவள் எதையோ சொன்னாள், இருவரும் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"அங்கயே இருங்க" என்றாள் சுபாஷினி. "அப்பாவ எங்கயும் நகர விடாதீங்க."

காலையில் படை ஒரு மணி நேரம் முன்னதாகவே குளித்துத் தயாராகிவிட்டது. யாரும் கடிகாரத்தை மாற்றியிருக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து கண் பூத்தபோது வேன்கள் வந்தன. மணல் நிறத்தில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள், காலில் மணலுக்கென்று வாங்கிய செருப்போடு. பின்னாலேயே ஒரு பிக்கப்பில், கடற்கரையில் நிற்க வேண்டிய பூ வளைவு கயிறு போட்டுக் கட்டிப் படுத்துக்கொண்டு வந்தது.

வளைவைப் பெட்ரோல் போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். பினாங்கிலிருந்து வந்த ஐயர் உட்கார்ந்து ஓமத்துக்குக் கட்டைகளை அடுக்கி, தீப்பெட்டியை எடுத்தார். நிலையத்துப் பெண் மேலாளர் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். ஐயருக்குச் சியாம் பாஷை தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் பெட்ரோல் குழாயையும் தீப்பெட்டியையும் மாறி மாறிக் காட்டி, கடைசியில் கையை மேலே வீசிக் காட்டியது எல்லோருக்கும் புரிந்தது.

பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. முன்னால் நல்ல விசாலமான இடம், கூரையும் உண்டு. தர்மலிங்கம் போய்ப் பேசினான். கடைக்கார அம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டி, மேசைகளை ஒதுக்கி, அடுப்புக்கரியும் கொடுத்தாள். பூ வளைவு மறுபடி நடந்து வந்தது. அப்புறந்தான் ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயையோ, இதென்ன?"

அது வாத்துச்சோற்றுக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள், பொன்னிறமாக வறுத்த வாத்துகள் கழுத்தில் கொக்கி போட்டு வரிசையாகத் தொங்கி, மணமேடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அதுங்களும் பாத்துட்டுப் போவட்டும்" என்றான் தர்மலிங்கம். மருதம்மாள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் திரையாகக் கட்டினாள். நல்ல சரிகை வேட்டி. வாத்துகள் மறைந்தன. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய சாவடி அதிகாரியும் வந்து ஓரமாக நின்றார். குணவதி அவருக்குப் பன்னீர் தெளித்தாள்.

கடைக்குப் பின்னால் ஆண்கள் உடை மாற்றிக்கொண்டார்கள். தாய்மாமன் சடங்குக்கு வேட்டி கட்ட வேண்டும். தர்மலிங்கம் அவசரமாக நீலச் சட்டையைக் கழற்றி, பக்கத்தில் யார் என்றுகூடப் பார்க்காமல், "இதக் கொஞ்சம் புடிங்க" என்று நீட்டிவிட்டு ஓடினான். வாங்கியது அழகேசன்.

சட்டை கனமாக இருந்தது. பையில் ஏதோ அட்டை போல விறைப்பாக நின்றது. அவர் பொத்தானைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டியிருக்கவில்லை. பையின் ஓரத்தில் பாஸ்போர்ட்டின் சிவப்பு அட்டையும், அதில் பாதிப் புலியும் எட்டிப் பார்த்தன.

அழகேசன் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இவன் போயிருக்கலாம். சொந்த வாயாலேயே போ என்று சொன்னோமே. போயிருந்தால் இந்நேரம் கடலோரத்தில் தாய்மாமனும் இவன்தான், தகப்பனும் இவன்தான். ஊரெல்லாம் காலத்துக்கும் சொல்லிச் சிரித்திருக்கும். இவன் போகவில்லை.

"அப்பா, வாங்க!" என்று சுபாஷினி கூப்பிட்டாள்.

அவர் சட்டையை அழகாக மடித்து, பை உள்பக்கம் போகும்படி வைத்து, தன் பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் போனார்.

மகளின் கையைத் தன் கையில் எடுத்தபோது அது சில்லென்று இருந்தது. மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, குணவதி நீர் வார்த்தாள். பெட்ரோல் போட வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"எனக்குப் பீச்சு வேணும்னு கேட்டேன்ப்பா" என்று சுபாஷினி மெதுவாகச் சொன்னாள். "நீங்க வேணும்னு தனியா கேக்கல. நீங்க எப்படியும் இருப்பீங்கன்னு நெனச்சுட்டேன்."

"இருக்கேன்ல" என்றார் அழகேசன். அந்தக் கையைத் திவாகரின் கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடி, ஐயர் போதும் என்று சொல்கிற வரைக்கும் அழுத்திப் பிடித்திருந்தார். தாலி ஏறியது. ஆளுக்கொரு தேங்காய் இருந்ததால் ஆளுக்கொன்றாக உடைத்தார்கள். அந்தச் சத்தத்தில் மேலாளர் பெண் மறுபடி ஓடி வந்து பார்த்துவிட்டு, நெருப்பு இல்லை என்று தெரிந்ததும் போனாள்.

கிராபியில் ஏற்பாடு செய்திருந்த விருந்து கிராபியிலேயே இருந்தது. எல்லோருக்கும் பசி. மருதம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், கல்யாணச் சாப்பாடு சைவம்தான், பறக்கிறது நடக்கிறது எதுவும் இலையில் விழக்கூடாது என்று. கடைக்கார அம்மாள் கையில் பென்சிலோடு வந்து நின்றாள்.

வழக்கம்போல் எல்லோரும் அழகேசனைப் பார்த்தார்கள். சியாம் என்றால் அவர்தானே. அவர் வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்தில் வேட்டியோடு வெறும் உடம்பாக உட்கார்ந்திருந்த தர்மலிங்கத்தைப் பார்த்தார்.

"நீ சொல்லு மச்சான்" என்றார்.

மருதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குணவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தர்மலிங்கம் எழுந்தான். அவனுக்குத்தான் சரியாகச் சொல்லத் தெரியுமே. எங்கே காற்று ஊத வேண்டும், எங்கே கூடாது எல்லாம் தெரியும். அவன் அழகேசனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைக்கார அம்மாளிடம் திரும்பி, ஊதாத 'ப'வில், அழுத்தம் திருத்தமாக, அப்படியே அழகேசன் குரலில் சொன்னான்.

"மாய் பெட்."

சோறு வந்தது. மேலே வதக்கிய கங்கோங் கீரை, அதன் மேல் சிவந்த மிளகாய் அள்ளிப் போட்டிருந்தது. முதல் கவளத்திலேயே மாப்பிள்ளை வீட்டாருக்குக் காது சிவந்தது. திவாகர் தண்ணீருக்குக் கை நீட்டினான். மருதம்மாள், "இதென்னடா தர்மா, வாய் வேவுது!" என்று கத்தினாள். எல்லோரும் தர்மலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

அழகேசன் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக, தன் தட்டை ஒரு விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கத்தாதீங்க. நல்லாப் பாருங்க. எங்கயாவது வாத்து இருக்கா? என் மச்சான் சரியாத்தான் சொல்லியிருக்கான்."